யார், எதற்காகக் குறிப்பிட்டார்கள்?

அன்பின் மருமகள் கவிதாவுக்கு,

பொலன்னறுவைக் கல்லைப் பற்றி வாசித்துவிட்டு, "நிறைய மேற்கோள் பெற்ற ஆய்வைத்தானே நம்பலாம் மாமா?" என்று கேட்டிருந்தாய். பசறையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளை இதைக் கேட்டதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு கட்டுரையைப் பின்னால் வந்த எத்தனை கட்டுரைகள் குறிப்பிட்டன என்பதுதான் மேற்கோள் எண்ணிக்கை. 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இதை வைத்து ஆய்வாளருக்கும் ஓர் அளவு சொன்னார். ஒருவருடைய 10 கட்டுரைகள் தலா 10 தடவையாவது குறிப்பிடப்பட்டு, 11 கட்டுரைகள் தலா 11 தடவையை எட்டாவிட்டால் அவருடைய எச்-சுட்டெண் 10. பல இடங்களில் பதவி உயர்வுக்குக்கூட இதைப் பார்க்கிறார்கள். தேயிலை மடுவத்துத் தராசு கிலோவை மட்டும்தான் காட்டும். முற்றல் இலையா, மழை ஈரமா என்று கொழுந்தைக் கிளறித்தான் பார்க்க வேண்டும். இந்த எண்ணும் அப்படித்தான்.

2010இல் கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் எடுத்த ஒரு பற்றீரியா, பொசுபரசுக்குப் பதில் ஆசனிக்கைக் கொண்டு வளரும் என்று 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. வேற்றுலக உயிரைத் தேடுவோர் பரபரப்பானார்கள். மேற்கோள்கள் குவிந்தன. ஆனால் அவற்றில் பல அதை மறுக்க வந்தவை. 2012இல் வேறு ஆய்வுக்கூடங்கள் அது சரியில்லை என்று காட்டின. 2025இல் சஞ்சிகையே கட்டுரையை மீளப் பெற்றது. மறுப்பும் பாராட்டும் கணக்கில் ஒரே ஒன்றுதான்.

பொலன்னறுவை விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்க விண்வெளித் தூசு பற்றி வானியலாளர் பிரெட் ஹொயிலுடன் நீண்டகாலம் உழைத்தவர், மதிப்புக்குரியவர். 2012 டிசெம்பரில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கல்லில் டயற்றம் பாசிகளின் உயிர்ச்சுவடு இருப்பதாக அவரும் குழுவினரும் 2013 ஜனவரியில் எழுதினர். அவை பூமியின் நன்னீர் இனங்கள், அது விண்கல் என்பதே நிறுவப்படவில்லை என்று மற்றவர்கள் சுட்டிக்காட்டினர். ஆளின் பெயரையும் எச்-சுட்டெண்ணையும் வைத்து ஒரு கல்லைத் தீர்மானிக்க முடியாது, பிள்ளை.

இன்னொரு இலங்கையரையும் நீ அறிய வேண்டும். காலியில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும நாசாவில் உயிரின் தோற்றம் பற்றி ஆராய்ந்தவர். பின்னர் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் இருந்தார். 1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதாக கீத் குவென்வோல்டனும் அவரும் மற்றவர்களும் 1970இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். தொட்டவர்களின் கையிலிருந்து ஒட்டியிருக்கலாமே என்ற சந்தேகம் விண்கல் ஆய்வில் அதற்கு முன்பே இருந்தது. அதற்கு இவர்கள் சொன்ன பதில்தான் எனக்கு மிகப் பிடித்தது. அமினோ அமிலங்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பம்போல இடக்கை, வலக்கை என இரு வடிவங்களில் இருக்கலாம். நம் உடலின் புரதங்கள் இடக்கை வடிவ அமினோ அமிலங்களால் ஆனவை. கல்லிலோ இடக்கை, வலக்கை இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. புரதத்தில் வராத அமினோ அமிலங்களும் கிடைத்தன. கைப்பட்டு ஒட்டியிருந்தால் இப்படி இருக்காது.

நீயும் எண்ணைத் தாண்டிப் பார்க்கலாம். கூகுள் ஸ்கொலரில் ஒரு கட்டுரையின் கீழுள்ள மேற்கோள் எண்ணைத் தொட்டால், அதைக் குறிப்பிட்டவை வரிசையாக வரும். நாலைந்தின் சுருக்கத்தையாவது வாசி: அந்த முடிவின் மேல் வேலை செய்கிறார்களா, அதோடு சண்டை போடுகிறார்களா, பெயருக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்களா என்று பார். விண்வெளி உயிரியல் சின்னத் துறை. அதன் எண்களை மருத்துவத்தோடு ஒப்பிடாதே.

மர்ச்சிசனில் தொடங்கிய வழி இன்னும் நடக்கிறது. பென்னு சிறுகோளிலிருந்து 2023இல் கொண்டுவந்த மண்ணில், புரதங்களை ஆக்கும் 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். இடக்கையும் வலக்கையும் சமமா என்று அவர்களும் பார்த்தார்கள். ஏறக்குறையச் சமமாகவே இருந்தது.

அன்புடன்,
மாமா,
பதுளை