தள்ளுபடியும் தள்ளுமுள்ளும்

தீபாவளி ஜவுளி வாங்கி முடிக்கும் நேரத்தில் அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அமெரிக்கக் கடை ஒன்றின் கதவு திறக்கிறது, ஜனம் பாய்கிறது, இரண்டு பேர் ஒரே டிவிப் பெட்டியைப் பிடித்து இழுக்கிறார்கள். கீழே ஒரு வரி: "தள்ளுபடி என்றால் மனுசன் மிருகம்தான்." அனுப்புகிறவர் ஆடித் தள்ளுபடி மாதத்தில் சென்னை ரங்கநாதன் தெருவில் முழங்கையாலேயே வழி உண்டாக்கிப் போனவராக இருப்பார். கூட்டப் பாதுகாப்பு என் தொழில். பேராசைதான் ஆளைக் கொல்கிறது என்ற இந்தக் கதைக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

எல்லோரும் காட்டும் சாட்சி ஒன்றுதான். 2008 நவம்பர் 28, நியூயார்க் அருகே லாங் ஐலண்டில், வேலி ஸ்ட்ரீம் வால்மார்ட். 'பிளாக் ஃபிரைடே' விற்பனை, விடியற்காலை 5 மணிக்குத் திறப்பு. வெளியே சுமார் 2,000 பேர். திறக்கும் நேரத்தில் கதவே பெயர்ந்து விழுந்தது. வாசலில் நிறுத்தப்பட்டிருந்த 34 வயதுத் தற்காலிகத் தொழிலாளி இறந்தார். காட்டுமிராண்டிக் கூட்டம் என்று உலகமே திட்டியது. மருத்துவர்கள் சொன்ன காரணம் மூச்சடைப்பு.

அங்கே நடந்தது இதுதான். பின்வரிசையில் நிற்பவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. கதவு திறந்ததாகத் தெரிந்ததும் அரை அடி எடுத்து வைக்கிறார். அவருக்கு அது அரை அடி. அப்படி ஆயிரம் அரை அடிகள் சேர்ந்து முன்வரிசைக்காரரின் விலா எலும்பில் போய் இறங்குகின்றன. ஒரு சதுர மீட்டரில் இரண்டு பேர் நின்றால் தாராளம். நாலைந்து பேர் என்றால் கண் வைக்க வேண்டும். ஆறு, ஏழைத் தாண்டினால் யாரும் தன் காலால் நடப்பதில்லை. கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும், நீங்கள் அதில் மிதப்பீர்கள். இந்த அழுத்தத்தில் எஃகுத் தடுப்புகளே வளைந்திருக்கின்றன. நெஞ்சு விரிய இடமில்லாமல், விழாமலே, நின்றபடியே சாகலாம். இதில் ஆசை எங்கே வந்தது?

2022 அக்டோபரில் சியோல் நகரின் இதேவோன் சந்தில் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே எந்தத் தள்ளுபடியும் இல்லை. ஹாலோவீன் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். 2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில், வெள்ள நிவாரண டோக்கனுக்கு இருட்டிலேயே வந்து காத்திருந்தவர்களில் 42 பேர் போனார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நின்றவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல நாக்கு எழுமா?

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை அந்த வால்மார்ட் கடைக்கு விதித்த அபராதம் 7,000 டாலர். அதையும் எதிர்த்து நிறுவனம் வருடக்கணக்கில் வழக்காடியது. ஆனால் அந்தத் துறை பிறகு கடைகளுக்குச் சொன்ன யோசனைகளைப் படித்துப் பாருங்கள். வரிசை கதவடியில் தொடங்கக் கூடாது. தடுப்புகளில் திருப்பமும் இடைவெளியும் வேண்டும். கிராக்கியான சரக்குக்கு முன்கூட்டியே எண் சீட்டு. மனிதர்களின் ஆசையைக் குறைக்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. 2009-இல் வால்மார்ட் தன் பெரும்பாலான கடைகளை 'பிளாக் ஃபிரைடே'க்கு முந்தின நாள் காலையிலிருந்து மூடாமலே வைத்தது. அதே ஜனம், அதே டிவி. கதவு திறக்கும் நொடி மட்டும் இல்லை.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். "போலீஸ் நிறையப் போட்டால் சரியாகிவிடும்": பின்வரிசைக்கு 'நில்லுங்கள்' என்று ஒரு மைக் சொல்லாதவரை, முன்னால் நிற்கும் நூறு போலீஸும் நசுங்குகிற வரிசையில்தான் சேர்த்தி. "ஆன்லைன் வந்து கடைக்கூட்டம் போச்சு": தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கிவிட்டு இதைச் சொல்லுங்கள். அங்கிருந்து பஸ் நிலையம்வரை 2023-இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை, ரங்கநாதன் தெருவிலிருந்து ஒரு பகுதிக் கூட்டத்தையாவது தூக்கி மேலே விட்டது.

தெருவை விட்டுக் கடைக்குள் நுழைந்தால் என் பழைய புகைச்சல் ஞாபகம் வருகிறது: ஜவுளிக்கடைப் படிக்கட்டுகள். விற்பனை சூடு பிடித்ததும் படியில் பாதியை அட்டைப்பெட்டி பிடித்துக்கொள்ளும். 'எதை எடுத்தாலும்' தொட்டி ஒன்று சரியாகத் திருப்பத்தில் உட்காரும். அவசர வழிக் கதவுக்கு முன்னால் நைட்டி ஸ்டாண்டு. ரங்கநாதன் தெருவில் 2008 செப்டம்பரில் கடை ஒன்று எரிந்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் மாடி ஏறும் ஒவ்வொரு முறையும் நான் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டுதான் ஏறுகிறேன். நாலு மாடிக் கூட்டம் ஒரே நேரத்தில் இறங்க வேண்டி வந்தால், அந்தத் திருப்பத்தில்தான் சதுர மீட்டருக்கு ஏழு பேர் சேர்வார்கள்.

அடுத்த முறை பெட்டியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அங்கேயே நின்று மேனேஜரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். "சீசன் சார், ரெண்டு நாள்தான்" என்பார். போனில் ஒரு படம் எடுத்துத் தீயணைப்புத் துறைக்குப் புகார் அனுப்புங்கள்.