லிசாவைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள்?

அகரம், திண்டுக்கல்.

அன்புள்ள யாழினி,

சித்தப்பா எழுதுகிறேன். பெல் அடித்த பிறகும் சந்தேகம் கேட்டதால் வகுப்பே உனக்குப் ‘படிப்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனிலும் படிக்கிற பெண்ணைத்தானே கேலி செய்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். அது மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றுவது, தாயி.

1989 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் அது. தொடக்கக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார். பார்ட் என்கிற பையன் கரும்பலகையில் இம்போசிஷன் எழுதுகிறான். மணி அடித்ததும் ஓட்டம். திருந்தினானா? அடுத்த முறை வேறொரு தப்புக்கு வேறொரு வரி எழுதிக்கொண்டிருப்பான். நானும் எழுதியிருக்கிறேன். இரண்டு பேனாவை ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டினால் ஒரே இழுப்பில் இரண்டு வரி விழும். நூறு தடவை எழுதி விரல் வீங்கியதுதான் மிச்சம், எழுதியது மனசில் ஏறவில்லை.

அடுத்து லிசா, நீ சொன்ன அந்தப் படிக்கிற பெண். எல்லாரும் ஒரே மெட்டை வாசிக்கும்போது அவள் சாக்ஸபோனில் தன் கற்பனையை வாசிக்கிறாள். ஆசிரியர் வெளியே போகச் சொல்கிறார். வாசிப்பை நிறுத்தாமலே போகிறாள். நன்றாக வாசிக்கத் தெரிந்தவளையே வெளியே அனுப்புகிற வகுப்பைத்தான் அங்கே கேலி செய்கிறார்கள்.

1991-இல் வந்த ஒரு கதையில், விடுப்பில் போன லிசாவின் ஆசிரியைக்குப் பதிலாகப் பெர்க்ஸ்ட்ராம் என்பவர் வருகிறார். கேள்வி கேட்டால் முகம் மலர்கிற வாத்தியார். அதே கதையில் பார்ட்டின் வகுப்பில் தலைவர் தேர்தல். எதிரே நிற்பவன் மார்ட்டின், அந்த வகுப்பின் படிப்ஸ். வகுப்பு முழுக்கப் பார்ட்டின் வேடிக்கைப் பேச்சுக்குக் கைதட்டுகிறது. ஆனால் ஓட்டுப் போடத்தான் கிட்டத்தட்ட யாருக்கும் ஞாபகமில்லை! இரண்டே ஓட்டில் மார்ட்டின் ஜெயித்துவிடுகிறான். பெர்க்ஸ்ட்ராம் ரயிலேறும்போது லிசாவிடம் ஒரு சீட்டைக் கொடுக்கிறார். தனியாகிவிட்டோம் என்று தோன்றும்போது பார்க்கச் சொல்கிறார். நீ நீதான் என்று அவள் பெயரைச் சொல்லும் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

படிக்கிறவளை அல்ல, அவளைப் புரிந்துகொள்ளாதவர்களைக் கேலி செய்யும் இந்தச் சிரிப்பு நமக்கும் பழக்கமானதுதான். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்த பிறகு ஆள் எண்ணுகிற சீடன் தன்னை எண்ண மறந்துவிட்டு, ஒருவரை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அலறுகிறான். கேலி படிப்பை அல்ல, குரு வேஷம் போட்ட அறியாமையை. நம் சினிமாவில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன் வந்தாலே சிரிக்க வைக்கிறார்களே, அது வேறு. அங்கே படிப்பதே குற்றமாகிவிடுகிறது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று சொல்லியே எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறோம்! அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

முத்தாலம்மன் திருவிழாவுக்கு வரும்போது பரமார்த்த குரு புத்தகத்தைத் தருகிறேன். ஒன்றை எழுத மறந்துவிட்டாயே: பெல் அடித்த பிறகு நீ கேட்ட சந்தேகம் என்ன? உன் ஆசிரியர் என்ன பதில் சொன்னார்?

அன்புடன்,
சித்தப்பா