பழைய இரும்பு விலை ஏறும்போது

இடம்பெயர்ந்த குடும்பத்திடம் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஒரு மண்வெட்டி, ஒரு கத்தி, பழுதான ஒரு நீர்ப்பம்பி. பழைய இரும்பின் விலை ஏறினால் சைக்கிளில் வரும் வியாபாரி முதலில் கேட்பதும் இவற்றைத்தான். ஆகவே இவ்விலை ஏன் ஏறுகிறது என்பதைச் சற்று நோக்குவோம்.

உருக்கு இரு வழிகளில் உற்பத்தியாகிறது. ஒன்று, இரும்புத் தாதையும் நிலக்கரியையும் கொண்டு ஊதுலையில். மற்றையது, பழைய இரும்பை மின்னுலையில் உருக்கி. ஒரு தொன் பழைய இரும்பை உருக்கினால் ஏறக்குறைய 1.4 தொன் தாதும் 740 கிலோ நிலக்கரியும் மீதமாகும். எனவே உலகில் உருக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் நமது வேலியோரத்துத் துருப்பிடித்த இரும்புக்கும் விலை வரும். சீனா 2000 இல் சுமார் 13 கோடி தொன் உருக்கு உற்பத்தி செய்தது. 2005 இல் சுமார் 35 கோடி தொன். அந்த வேகத்தில், 2004 இல் பழைய இரும்பின் விலை உலகெங்கும் பாய்ந்தது. 2008 நடுப்பகுதியில் உச்சத்தைத் தொட்டு, அவ்வாண்டு முடியுமுன் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. இன்னும் ஏறும் என்று குவித்து வைத்தவர்களுக்கு நட்டம்தான்.

விற்கும் நாளில் வாங்கும் பொருளும் விலை ஏறியிருக்கும் என்பதை மறக்கக்கூடாது. தேய்ந்த மண்வெட்டித் தகடு இரண்டு கிலோவும் தேறாது. அந்தக் காசில் புதியது வராது. கொல்லுப்பட்டறையில் கொடுத்து வாயைத் தட்டுவித்தால் இன்னும் சில போகம் உழைக்கும்.

லொறியின் வில்லுத்தகட்டையும் கிலோக் கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். சாதாரணக் கம்பியில் காபன் மிகக் குறைவு, வில்லுத்தகட்டில் 0.6 வீதமளவு உண்டு. ஆகையால் காய்ச்சி அடித்துத் தோய்த்தால் கூர் நிற்கும். கத்திக்கும் கோடரிக்கும் ஏற்றது. 1990களில் வடக்குக்கு இரும்பு கொண்டுவரத் தடையிருந்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

விற்பதானால் பிரித்து விற்க வேண்டும். காந்தம் ஒட்டாத செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றை இரும்போடு சேர்த்து நிறுக்க விடாதீர்கள். பழுதான மோட்டரின் உள்ளே செம்புக்கம்பி இருப்பது வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். அவர் அதை வாய்திறந்து சொல்லமாட்டார்.

பித்தளை என்றதும் சிலரது கண் எறிகணைக் கோதுகள் மீது போகிறது. 2009 இன் பின்னர் வன்னியில் பழைய இரும்பு பொறுக்கச் சென்று வெடியில் சிக்கியவர்கள் உண்டு. துருப்பிடித்த வெடி, செயலிழந்த வெடியன்று. காணியில் அப்படி எதையேனும் கண்டால் தொடாமல், தட்டிப் பாராமல், வந்த தடத்திலேயே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். சிறுவர்களை இவ்வேலைக்கு அனுப்பவே வேண்டாம்.