இருளைத் தேடி ஒரு பயணம்

கோலார் தங்கவயலில் இருள் என்றவுடன் மூத்தோர் நினைவுக்கு வருவது சுரங்கமே. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழர் பலர், கதிரவன் ஒளி புகாத ஆழத்தில் விளக்கேந்தி உழைத்தனர். 1902ஆம் ஆண்டிலேயே சிவனசமுத்திரத்தில் காவிரி நீரால் உண்டாக்கிய மின்சாரம் இச்சுரங்கங்களுக்கு வந்துவிட்டது. இந்தியாவின் பெரும்பாலான ஊர்கள் மின்விளக்கையே காணாத காலம் அது. இன்று இராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு ஒளிமிக்க சில விண்மீன்களே தென்படுகின்றன. தெருவிளக்கின் ஒளி காற்றிலும் தூசியிலும் சிதறி, மங்கிய மீன்களை மறைத்துவிடுகிறது.

மங்கலானதைக் காண, அதனை மறைப்பதிலிருந்து விலகிச் செல்லவேண்டும். இது தங்கவயலுக்குப் புதிதன்று. 1965ஆம் ஆண்டில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, சப்பானிய, ஆங்கிலேய அறிவியலார் ஓர் ஆய்வு நடத்தினர். விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன. தரைக்கு மேல் பிற துகள்களின் நெரிசலில் அவற்றைப் பிரித்தறிய இயலாது. சுரங்கத்தின் மேலுள்ள பாறையோ பிற துகள்களைத் தடுத்து, நியூட்ரினோவுக்கு வழிவிட்டது. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை முதன்முதலில் கண்டறிந்த ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. விண்ணின் செய்தியை மண்ணுக்கடியில் கேட்ட ஊர் இது!

கண்ணால் வானைக் காண விரும்பும் குடும்பத்தார் மலைக்குச் செல்லவேண்டும். தமிழ்நாட்டுச் சவ்வாது மலையிலுள்ள காவலூர், கோடை விடுமுறைக்கு ஏற்ற இடம். பங்காரப்பேட்டையில் இரயில் ஏறி வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாகச் செல்லலாம். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. யுரேனஸ் கோளின் வளையங்கள் 1977இல் வெளிப்பட்டபோது அதனைப் பதிவுசெய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. பெரிய தொலைநோக்கி ஆய்வாளர்க்கு உரியது. சனிக்கிழமைகளில் வானம் தெளிந்திருந்தால், பொதுமக்கள் சிறிய தொலைநோக்கியில் பார்க்கலாம். ஆய்வகத்தார் விளக்கம் அளிப்பர். நிலவின் குழிகளைக் காண விரும்புவோர் வளர்பிறையின் ஏழாம், எட்டாம் நாள்களிலும், மங்கிய மீன்களைத் தேடுவோர் அமாவாசையை ஒட்டியும் செல்வது நன்று. மேகம் சூழ்ந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

தொலைநோக்கி இல்லாமலும் காண்பதற்கு மிகுதி உண்டு. கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். கைப்பேசியை ஒருமுறை திறந்தாலும் அப்பழக்கம் கெடும். மே மாதத்து முன்னிரவில் வடவானில் தெரியும் ஏழு மீன்களைச் சங்கப் புலவர் எழுமீன் என்றனர். அதன் வாலின் நடுமீன் வசிட்டன். அதனை ஒட்டி மங்கலாக மின்னுவது அருந்ததி. பகலில் நடக்கும் திருமணங்களில் மணமக்கள் அருந்ததியைப் பார்ப்பதாகச் சொல்லி வெற்று வானத்தையே பார்க்கின்றனர். இங்கே உண்மையாகவே காணலாம். வால் வளையும் திசையில் தொடர்ந்தால் சுவாதியும், அதற்கப்பால் சித்திரையும் தோன்றும். இவை நாண்மீன்கள். மின்னாது நிலைத்த ஒளி தருவது கோண்மீன்.

துருவ மீன் காவலூரில் வட அடிவானத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 12 பாகை உயரத்தில் நிற்கும். நீட்டிய கையின் விரல்களை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. எனவே அம்மீன் ஒரு கைப்பிடிக்குச் சற்று அதிகமான உயரத்தில் உள்ளது. பெற்றோரின் பணிமாற்றத்தால் தில்லிக்குச் செல்லும் மாணவர் அதே மீனை மூன்று கைப்பிடி உயரத்தில் காண்பர். தென்வானில் சாய்ந்து நிற்கும் தென்சிலுவையை மட்டும் அங்கே தேடிக் காண்பது அரிது.

அருஞ்சொற்பொருள்: ஆடி – கண்ணாடி, நாண்மீன் – விண்மீன், கோண்மீன் – கோள், பாகை – கோண அளவு.

பயிற்சி
1. நியூட்ரினோவைக் கண்டறியச் சுரங்கம் ஏன் தேவைப்பட்டது?
2. உம் வீட்டு மாடியிலிருந்து துருவ மீன் எத்தனை கைப்பிடி உயரத்தில் தெரிகிறது என அளந்து எழுதுக.
3. மின்விளக்கு மிகுதியாவதற்குமுன் இரவு வானம் எவ்வாறு இருந்தது என மூத்தோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.