படத்தில் தாத்தாவைத் தவிர யார் யார்?

கேள்வி: 1930களில் தாத்தா மதுரை அமெரிக்கன் கல்லூரி ஹாக்கி அணியில் ஆடியவர். அணியின் குரூப் போட்டோ வீட்டில் இருக்கிறது, பெயர்கள் இல்லை. மற்றவர்களை எப்படி அடையாளம் காண்பது? (வாசகர், திருமங்கலம்)

பதில்: முதலில் படத்தைச் சட்டத்திலிருந்து பதமாக எடுங்கள். பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் அட்டையின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். சட்டம் போட்டவர் அதை மறைத்திருப்பார், சில சமயம் வெட்டியும் எறிந்திருப்பார். ஸ்டூடியோ முத்திரையையும் பாருங்கள்.

அடுத்து, படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா? நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டால் வரிசையே தலைகீழாகும். கோட்டின் மேல்பை இடது மார்பில்தான் இருக்க வேண்டும். ஹாக்கி மட்டையின் தட்டைப் பக்கமும் காட்டிக்கொடுக்கும். இடக்கை மட்டை என்று ஒன்று கிடையாது.

நடு நாற்காலியில் கோட்டு போட்டவர் முதல்வராகவோ பயிற்சியாளராகவோ இருக்கலாம். கேடயத்தோடு இருப்பவர் பெரும்பாலும் கேப்டன். காலில் பேடு கட்டியவர் கோல்கீப்பர், சந்தேகமே வேண்டாம்.

முகத்தை ஒப்பிடும்போது மீசையையும் தலைமுடியையும் நம்பாதீர்கள், காதைப் பாருங்கள். அமெரிக்காவில் பழைய பேஸ்பால் படங்களை ஆராய்பவர்களும் காது மடலைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.

கல்லூரி இருக்கும் கோரிப்பாளையத்துக்குப் போய், அங்கே நூலகத்தில் பழைய ஆண்டு மலர்கள் உண்டா என்று கேளுங்கள். பெரியவர்களிடம் படத்தைக் காட்டும்போது, "இவர்தானே அவர்?" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். மரியாதைக்கு "ஆமாம்" என்றுவிடுவார்கள். "இது யாருங்கய்யா?" என்று மட்டும் கேளுங்கள்.