விசாரணை அறையில் பிள்ளைக்குத் துணை யார்?

கேள்வி: சிங்கப்பூரின் தேக்காவில் 15 வயது வெளிநாட்டுச் சிறுவனைப் போலிஸ் விசாரித்தால் பெற்றோர் உடன் இருக்கலாமா?

பதில்: பொதுவாக முடியாது. ஆனால் பிள்ளை தனியாக இருக்க வேண்டியதில்லை.

2016 ஜனவரியில் போலிசார் விசாரித்த 14 வயது மாணவர் ஒருவர், வீடு திரும்பிய அன்றே உயிரிழந்தார். சிங்கப்பூர் அதிர்ந்துபோனது. 2017 ஏப்ரலில் புதிய திட்டம் தொடங்கியது. 16 வயதுக்குட்பட்டவர் சந்தேகத்தின் பேரில் விசாரிக்கப்படும்போது, பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் பக்கத்தில் அமர்வார். அவர் வழக்கறிஞர் அல்லர். சட்ட ஆலோசனை தரமாட்டார். பிள்ளை மிரள்கிறதா, கேள்வி புரியாமலே தலையாட்டுகிறதா என்று கவனிப்பார். பிறகு மற்றச் சட்ட அமலாக்க அமைப்புகளுக்கும் திட்டம் விரிந்தது.

என் கருத்தில், 16, 17 வயதினருக்கும் இந்தத் துணை வேண்டும்.

விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்து வருவோர், அவர்கள் விசாரணைக்கு ஆளாகாமல் இருக்க, அவர்களுடைய வருகை அனுமதி முடியும் தேதியை இன்றே பார்த்துவிடுங்கள்.