கடைசி இடத்துக்காரருக்கும் கணக்குப் புரிய வேண்டும்

கோவை, திருப்பூர், பொள்ளாச்சி, ஈரோடு என்று நாலு ஊர் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ரிமோட் கார் பந்தயங்களில், சில ஆண்டுகளாக நேரக் கணக்கு மேசை என் பொறுப்பு. அந்த மேசையில் உட்கார்ந்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். முதலிடம் பிடித்தவர் அடுத்த பந்தயத்துக்கு எப்படியும் வந்துவிடுவார். எட்டாவது, பத்தாவது இடத்தில் முடித்தவர் திரும்பி வருவாரா என்பதை விதிகளும் புள்ளிப் பட்டியலும்தான் முடிவு செய்கின்றன. அவர்கள் வந்தால்தான் தொடர் நடக்கும். விதி எழுத உட்காரும்போது அவர்களை மனதில் வைத்து எழுதுங்கள். எனக்குப் பயன்பட்டவற்றை இங்கே சொல்கிறேன்.

பிரிவுகளைக் குறைவாக வையுங்கள்

ஆளுக்கொரு கார் வைத்திருக்கிறார்கள் என்று ஆறேழு பிரிவு திறந்தால், ஒவ்வொன்றிலும் மூன்று கார்தான் நிற்கும். மூன்று பேர் ஓடினால் மூவருக்கும் கோப்பை. அதில் யாருக்கும் சந்தோஷம் இருக்காது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பக்கி கார்களில் இருசக்கர இயக்கம் ஒன்று, நான்குசக்கர இயக்கம் ஒன்று, புதியவர்களுக்கு ஒன்று. ஆரம்பத்துக்கு இந்த மூன்று போதும்.

அளவுகளை நாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ரிமோட் கார் பந்தயங்களின் உலக அமைப்பான இஃப்மார், இந்த வகைக் கார்களுக்கு அகலம் 250 மில்லிமீட்டர், நீளம் 460 மில்லிமீட்டர் என்று உச்ச வரம்பும், இருசக்கர இயக்கத்துக்கு 1,474 கிராம், நான்குசக்கர இயக்கத்துக்கு 1,588 கிராம் என்று குறைந்தபட்ச எடையும் வைத்திருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டால் நம் பையன் நாளைக்கு வெளியூர்ப் பந்தயத்துக்குப் போனாலும் அதே காரோடு போகலாம். அளவு பார்க்க அந்த நீள அகலத்தில் ஒரு அலுமினியச் சட்டம் போதும். கோவையில் கணபதி பகுதியில் எந்தப் பட்டறையில் சொன்னாலும் செய்து கொடுப்பார்கள். எடை பார்ப்பது மட்டும் நாள் முழுக்க ஒரே தராசில் இருக்கட்டும். காலையில் ஒரு தராசு, மாலையில் இன்னொன்று என்றால் சச்சரவு நிச்சயம்.

புதியவர் பிரிவில் மோட்டாரைக் கட்டுப்படுத்துங்கள். 17.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டார் என்று எழுதிவிட்டால் செலவும் வேகமும் கட்டுக்குள் நிற்கும். அதிகப் பணம் போட்டவருக்கே வெற்றி என்று ஆகிவிட்டால் கல்லூரி மாணவர்கள் விலகிவிடுவார்கள்.

லேப் முதலில், நேரம் அடுத்து

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. ஒரு ஹீட், அதாவது ஒரு குழுவின் ஓட்டம், ஐந்து நிமிடம். அது முடிந்ததும் கார் அப்படியே நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும் லேப்பை முடித்துக் கோட்டைத் தாண்டும்போதுதான் கணக்கு முடியும். ஒருவர் 15 லேப்பை 5 நிமிடம் 11.8 விநாடியில் முடிக்கிறார். இன்னொருவர் 14 லேப்பை 5 நிமிடம் 0.3 விநாடியில் முடிக்கிறார். 15 லேப் ஓடியவரே முன்னால். லேப் சமமாக இருந்தால்தான் நேரத்தைப் பார்ப்போம்.

"ஏனுங்ணா, கோட்டை மொதல்ல தாண்டுனது நானுங்களே?" என்று ஒரு தம்பி கேட்டான். தாளைக் கையில் கொடுத்து, அவனுடைய ஒவ்வொரு லேப் நேரத்தையும் அவனையே கூட்டிப் பார்க்கச் சொன்னேன். கூட்டி முடித்ததும், "சரிங்ணா, அடுத்த ஹீட்டுல பாத்துக்கறேன்" என்று போய்விட்டான். விளக்கிச் சொல்வதைவிடத் தாளைக் காட்டுவது மேல்.

தகுதிச் சுற்றில் எல்லாரையும் ஒரே நேரத்தில் விடாதீர்கள். ஒருவர் பின் ஒருவராக விட்டு, அவரவர் கார் கோட்டைத் தாண்டும்போது அவரவர் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். நம் ஊர் ரேக்ளா ரசிகர்களுக்கு இது எளிதில் பிடிபடும். 200 மீட்டர், 300 மீட்டர் ரேக்ளாவில் வண்டிகள் தனித்தனியாகத்தானே ஓடுகின்றன? பக்கத்து வண்டியை யாரும் பார்ப்பதில்லை, விநாடியைப் பார்க்கிறார்கள். தகுதிச் சுற்றும் அப்படியே. வேகமான கார் பின்னால் வந்தால் வழி விடுங்கள் என்று கேட்பதற்கான நியாயமும் இதில்தான் இருக்கிறது.

காலை மண் வேறு, மதிய மண் வேறு

தண்ணீர் தெளித்த செம்மண் தளம் காலை எட்டு மணிக்கு டயரை நன்றாகப் பிடிக்கும். பதினோரு மணிக்குப் புழுதியாகிவிடும். அன்றைய நாளின் சிறந்த நேரத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால், காலையில் ஓடியவருக்கே லாபம். அதற்காகத்தான் ஒவ்வொரு தகுதிச் சுற்றுக்கும் தனித்தனியே புள்ளி தருகிறார்கள்: முதலிடத்துக்கு 0, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 3 என்று போகும். குறைந்த புள்ளி வாங்கியவர் முன்னால். நான்கு சுற்று ஓட்டி, அவற்றில் சிறந்த இரண்டை எடுத்துக்கொண்டால் ஒரு சுற்றில் பேட்டரி வயர் கழன்றவருக்கும் வழி இருக்கும். அந்த வரிசைப்படி முதல் பத்துப் பேருக்கு ஏ ஃபைனல், அடுத்த பத்துப் பேருக்கு பி ஃபைனல். ஏ ஃபைனலை மூன்று முறை ஓட்டி, சிறந்த இரண்டை எடுப்பது வழக்கம்.

தொடர் புள்ளி: நீளமான பட்டியல்

ஃபார்முலா 1 போல முதல் பத்துப் பேருக்கு மட்டும் புள்ளி தருவது சிறு தொடருக்கு ஒத்துவராது. நான் பரிந்துரைப்பது 50, 47, 45. அதன் பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி குறைத்து 44, 43 என்று கடைசி வரைக்கும். வென்றவருக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு இருக்கிறது. கோட்டில் நின்று ஓடிய யாரும் வெறுங்கையோடு போவதில்லை.

கோவையின் நரேன் கார்த்திகேயனை நினைத்துப் பாருங்கள். 2005 அமெரிக்க கிராண்ட் பிரியில் டயர் பிரச்சினையால் மிஷலின் டயர் அணிகள் விலகிக்கொள்ள, ஓடியவை ஆறே கார்கள். நரேன் கடைசி வரை ஓட்டி நான்காவதாக முடித்தார், 5 புள்ளிகள். ஃபார்முலா 1 வாழ்க்கையில் அவர் எடுத்த புள்ளிகள் அவை மட்டுமே. கிளம்பிப் போய், கோட்டில் நின்று, ஓட்டத்தை முடிப்பவருக்குப் புள்ளிப் பட்டியலில் இடம் உண்டு. நம் பட்டியலும் அதைச் சொல்ல வேண்டும்.

ஆறு பந்தயத் தொடரில் சிறந்த நான்கை மட்டும் கணக்கில் எடுங்கள். வீட்டு விசேஷம், பரீட்சை எல்லாருக்கும் வரும். ஆனால் இதை முதல் பந்தயத்துக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். 1988 ஃபார்முலா 1 தொடரில் புரோஸ்ட் மொத்தம் 105 புள்ளி எடுத்தார், சென்னா 94. பதினாறு பந்தயங்களில் சிறந்த பதினொன்றே கணக்கு என்பது விதி. அதன்படி சென்னாவுக்கு 90, புரோஸ்டுக்கு 87, பட்டம் சென்னாவுக்கு. அந்த முடிவு நின்றதற்குக் காரணம், விதி எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான். சமநிலை வந்தால் அதிக வெற்றி, பிறகு அதிக இரண்டாமிடம் என்று பார்க்கும் முறையையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

மார்ஷல் பணியில் சலுகை வேண்டாம்

ஒரு ஹீட் ஓட்டியவர்கள் அடுத்த ஹீட்டுக்கு மார்ஷலாக நிற்க வேண்டும். கவிழ்ந்த காரை நிமிர்த்தி வைப்பது அவர்கள் வேலை. நிற்காதவரின் சிறந்த தகுதிச் சுற்றை ரத்து செய்யுங்கள், அவர் தொடரில் முதலிடத்தில் இருந்தாலும். இந்த ஒரு விதியில் தளர்ந்தால், வெயிலில் நிற்பது எப்போதும் புதிய பையன்களாகவே இருப்பார்கள். மூடிய செருப்பு அல்லது ஷூ கட்டாயம். கையில் போன் கூடாது. வரும் கார்களைப் பார்த்த பிறகுதான் தளத்தில் கால் வைக்க வேண்டும்.

பேட்டரியும் காற்றும்

லிப்போ பேட்டரியில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம். இரண்டு செல் என்றால் 8.4. தளத்துக்குப் போகும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரிக்கு 5 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம். சார்ஜ் போடுவது நிழலில், தீத்தடுப்புப் பைக்குள், பக்கத்தில் மணல் வாளியோடு. உப்பிய பேட்டரி வைத்திருந்தால் அன்று ஓட்டமில்லை. சித்திரை வெயிலில் இதற்கு விதிவிலக்கே கூடாது.

தையில் தொடங்கி வைகாசிக்குள் தொடரை முடிப்பது நல்லது. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, மேட்டிலிருந்து தாவும் காரைக் காற்றிலேயே புரட்டிவிடும். ஐப்பசி மழையில் கரிசல் மண் டயரில் அப்பிக்கொள்ளும்.

தாள், பலகை, பத்து நிமிடம்

லேப்பைத் தானாகப் பதிவு செய்ய உதவும் டிரான்ஸ்பாண்டர் வாங்க வசதியில்லை என்றால், ஒரு காருக்கு ஓர் ஆள் லேப் எழுத, கோட்டுக்கு நேராக ஒரு போன் கேமரா ஓடட்டும். ஒவ்வொரு ஹீட் முடிவையும் பலகையில் ஒட்டி, ஆட்சேபத்துக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். ஓட்டியவர் மட்டுமே கேட்கலாம். நேரம் முடிந்தால் முடிவு இறுதி.

விதிகளைத் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் அச்சடித்துப் பதிவின்போதே கையில் கொடுங்கள். தொடர் நடுவில் ஒரு வரியையும் மாற்றாதீர்கள். தொடர் முடிந்த பிறகு, அடுத்த ஆண்டுக்கு எதை மாற்றலாம் என்று கேட்கும்போது, பி ஃபைனல் ஓட்டியவர்களை முதலில் கேளுங்கள். கோப்பை வாங்கியவர்களுக்கு விதி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்திருக்கும்.